ராசம்மா 02

மூன்று நாள் வேலை இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்த அன்று, ஜெயந்தினி எழுந்துபோய்த் தனக்கென்று ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டாள். சீனி ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். பாராட்ட அறையில் வேறு யாரும் இல்லாததால் தன்னைத்தானே அப்படிப் பாராட்டிக்கொண்டாள். பாவம், அந்தத் தேநீரைக் குடித்து முடிக்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நோர்வூட் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஏணி மாதிரி நிற்கும் படிகளில் ஏறினால் அந்த அறை வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் பத்திநாதன் நடத்தும் ஒலிக் களஞ்சியம் அது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வாயாலேயே சொல்ல, அதைப் பதிவு செய்து வைப்பதுதான் அங்கே வேலை. பத்திநாதன் சேருக்கு ஆசை பெரிது, கை சின்னது. சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் ஜெயந்தினி. அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பதிவதும் அவள், கணினியில் சேர்ப்பதும் அவள், அதற்கு வேண்டிய புரோகிராம் எழுதுவதும் அவள், கடைசியில் அறையைக் கூட்டுவதும் அவள்.

கொழும்பில் ஒரு நூலகம் இந்தப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கோப்பையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, அதன் ஹாஷை எடுத்துப் பட்டியலாகத் தர வேண்டும். ஹாஷ் என்பது கோப்பு முழுவதையும் கணக்குப் போட்டு எடுக்கும் ஒரு நீண்ட எண். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும். இரண்டு கோப்புக்கு ஒரே எண் வந்தால் இரண்டும் ஒன்றேதான். பத்திநாதன் சேருக்கு அவள் அதைக் கைநாட்டு என்று விளக்கியிருந்தாள். அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. "எல்லாருக்கும் கைநாட்டு வாங்கியாச்சா?" என்று படியேறும்போதே கேட்பார்.

அந்தக் கணக்கைப் போடும் புரோகிராமை ஜெயந்தினி கல்லூரியில் படித்த காலத்தில் தானே எழுதியிருந்தாள். சொந்தமாக எழுதியது என்பதில் அவளுக்கு ஒரு தலைக்கனம் உண்டு. ஆனால் அது நொண்டி. தொள்ளாயிரம் ஜிபியையும் படித்து முடிக்க மூன்று நாள் எடுக்கும். நடுவில் ஒரு தரம் கரண்ட் போனால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். நோர்வூட்டில் மழைக்காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து கரண்ட் இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

வேறு வழியில்லாமல் இணையத்தில் தேடியபோதுதான் தன் மடத்தனம் அவளுக்குப் புரிந்தது. விண்டோஸுக்குள்ளேயே, கடவுச்சொற்களையும் இரகசியங்களையும் காப்பதற்கென்று ஒரு குறியாக்கப் பகுதி இருக்கிறது. ஹாஷ் கணக்கு அதற்குத் தண்ணிபட்ட பாடு. கணினியின் பிராசசருக்குள் அதற்கென்றே வைத்திருக்கும் கட்டளைகளை அது நேராகப் பயன்படுத்தும். யாரும் அதைக் கேட்டு வாங்கலாம். லயத்து வாசலிலேயே தண்ணீர் கொட்டும் பீலி இருக்க, இவள் இத்தனை வருடமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்திருக்கிறாள். தன்னுடைய இருநூறு வரியையும் தூக்கிப் போட்டுவிட்டு, விண்டோஸைக் கூப்பிடும் இருபது வரியை எழுதினாள். ஒவ்வொரு கோப்புக்கும் அந்தப் பகுதியைப் புதிதாகத் திறந்து மூடாமல் ஒரு தரம் திறந்ததையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாள். கோப்பைச் சொட்டுச் சொட்டாகப் படிக்காமல் பெரிய பெரிய துண்டாகப் படிக்க வைத்தாள். அவ்வளவுதான். மூன்று நாள் இரண்டரை மணித்தியாலமாகிவிட்டது.

தேநீரோடு வந்து உட்கார்ந்தவள், பழைய பட்டியல் ஒன்றையும் நூலகத்துக்குச் சேர்த்து அனுப்பலாம் என்று திறந்தாள். போன வருடம் களஞ்சியத்தில் நகல்கள் மலிந்துபோய் டிஸ்க் நிரம்பி வழிந்தபோது, ஒரே எண் வந்த கோப்புகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் வேலையை அவள் செய்திருந்தாள். அழிந்தவை இரண்டாயிரத்துக்கு மேல். எது அழிந்தது, எதற்கு நகலாக இருந்ததால் அழிந்தது என்று வரிவரியாக எழுதிவைத்த பட்டியல் அது. அன்று அவள் அதைப் படிக்கவில்லை. இரண்டாயிரம் வரியை யார் படிப்பார்கள்?

இன்று படித்தாள். நடுவில் நாற்பத்தொரு வரிகள் ஒன்றாக நின்றன. காளியாயி 01, இராமையா 02, லெட்சுமி 01 என்று வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாட்கள். எதிரே எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். 'அழகன் 01 என்பதன் நகல்.'

அழகன் அவளுடைய அப்பா.

இத்தனை மனிதர்கள் ஒருவரைப்போலவே பேச முடியாது. கணக்குப் பிழைக்கவும் இல்லை. பிழைத்தது அவள். போன வருடம் அந்த நொண்டிப் புரோகிராமோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், அவள் ஒரு குறுக்கு வழி எடுத்திருந்தாள். முழுக் கோப்பையும் படிக்காமல் முதல் ஒரு மெகாபைட்டை மட்டும் படித்துக் கைநாட்டு எடுக்கச் சொன்னாள். தொடக்கமும் நீளமும் ஒன்றாக இருந்தால் மிச்சமும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்தாள். வேறு எந்த ஊரிலும் அது அநேகமாகச் சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் இது தோட்டம். தோட்டத்தில் எந்த நாளும் சங்கு ஊதாமல் தொடங்குவதில்லை. முதன்முதலில் பதிவு செய்த தோட்டத்தில், ஒவ்வொருவர் பேச்சுக்கு முன்னாலும் தொழிற்சாலைச் சங்கு ஒலிக்க வேண்டும் என்று பத்திநாதன் சேர் ஆசைப்பட்டார். அவர்கள் வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டுத்தானே எழுந்தார்கள் என்றார். ஒரு விடியற்காலை பதிவுசெய்த பத்துச் செக்கன் சங்கை ஜெயந்தினி ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒட்டினாள். ரெக்கோடரோ பேச்சை இருபது இருபது நிமிடத் துண்டாக வெட்டும். ஆகவே எல்லா முழுத்துண்டுக்கும் ஒரே நீளம், ஒரே சங்கு. அவள் படித்த முதல் ஒரு மெகாபைட்டில் சங்கைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாரும் ஒரே ஆளாகிப் போனார்கள். பெயர் வரிசையில் 'அ' முதலில் நின்றதால் அப்பா மட்டும் தப்பித்தார். ஒவ்வொருவர் பேச்சிலும் கடைசியில் மிஞ்சிய குட்டித் துண்டுகள் நீளம் வேறு என்பதால் பிழைத்துக் கிடந்தன.

மீட்க வழியில்லை. ரெக்கோடரின் நினைவக அட்டை பத்துத் தரம் நிரம்பி அழிந்திருந்தது. பழைய டிஸ்க்குகளை வெறுமையாக்கிப் பாடசாலைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த யோசனையைச் சொன்னதும் அவள்தான்.

நாற்பத்தொரு வரியில் கடைசிக்கு முந்தியது 'ராசம்மா 02'. அதைக் கண்டபோது ஜெயந்தினிக்கு ஏற்பட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதற்றம் வந்தது உண்மை. ஆனால் பதற்றத்துக்கு முன்னால், கண் இமைக்கும் நேரத்துக்கு, ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

ஏனென்றால் அந்தத் துண்டில் என்ன இருந்தது என்று உயிரோடு இருப்பவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ராசம்மாவின் லயத்துக் காம்பராவில், அடுப்புக்கு முன்னால் பலகைக்கட்டையில் உட்கார்ந்து அவள்தான் கேட்டாள். ராசம்மாவுக்கு நாலு மாதத்தில் ஒரு பெண்குழந்தை இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய கதை. கொழுந்தெடுக்கப் போகும்போது, தாய்மார் வேலை முடிந்து வரும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போவாள். ஒருநாள் பிள்ளைக்கு வலிப்பு மாதிரி வருகிறது என்று அங்கிருந்த ஆயம்மா கொழுந்தெடுக்கும் மலைக்கு ஆள் அனுப்பினாள். மலையில் வேலை வாங்கிக்கொண்டு நின்ற கங்காணி, கொழுந்து நிறுத்துவிட்டுப் போ என்றார். ராசம்மா கும்பிட்டுக் கேட்டாள். எடை போடும் நிறுவை முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே பிள்ளை இறந்தது. வேறு மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த புருஷன் வந்து கேட்ட முதல் கேள்வி, ஆள் அனுப்பியும் நீ ஏன் போகவில்லை என்பது. காரணத்தைச் சொன்னால் கையில் இருக்கும் கவ்வாத்துக் கத்தியோடு கங்காணியைத் தேடிப்போவான், பிறகு புருஷனும் இல்லாமல் போவான் என்று பயந்து, நிறை கூடினால் காசு கூடும் என்ற கொழுந்து ஆசையில் இருந்துவிட்டேன் என்று ராசம்மா சொல்லிவிட்டாள். அந்தப் பழியை அன்றிலிருந்து தலையில் சுமந்தாள். நான் செத்த பிறகு அந்த மனுஷன் இதைக் கேட்கட்டும் என்று ரெக்கோடரைப் பார்த்துச் சொன்னாள்.

கங்காணியின் பெயர் அழகன். மகள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துதான் ராசம்மா சொன்னாள்.

மறுநாள் ஜெயந்தினி பத்திநாதன் சேரிடம் நாற்பத்தொரு துண்டையும் பற்றிச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். சங்கை ஒட்டச் சொன்னது தான்தானே என்று பழியில் பாதியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். தவறுதலாக அழிந்தது என்று ஓர் அறிவித்தல் எழுதுவோம், உயிரோடு இருப்பவர்களிடம் திரும்பப் பதிவோம் என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். ராசம்மாவின் துண்டில் என்ன இருந்தது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. பாதியைச் சொன்னதால் மீதி இன்னும் கனத்தது.

அந்த வியாழக்கிழமையே கணேசமூர்த்தி வந்து நின்றார். ராசம்மாவின் புருஷன். மனைவி இறந்தபிறகு லிந்துலையில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு பை லீக்ஸ், மகளின் தோட்டத்தில் விளைந்தது. அடுத்த மாதம் ராசம்மாவுக்கு ஆண்டுத் திவசம் என்றார். சாகுமுன் நோர்வூட்டில் பதிந்து வைத்திருக்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். ஒரு வருடமாக அவருக்குத் தைரியம் வரவில்லையாம்.

முதல் துண்டும் அழிந்தவற்றில் ஒன்று. இருந்தது மூன்றாம் துண்டு, இரண்டு நிமிடமும் சொச்சமும். ஜெயந்தினி அதைப் போட்டாள். சங்கு ஊதி ஓய்ந்தது. தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. பிறகு ராசம்மா.

"ஒன்ன ஒண்ணும் சொல்லல புள்ள. நீ என்னா பண்ணுவ? டீயக் குடி, ஆறிப்போகுது. அந்த ரொட்டியும் தின்னுட்டுப் போ, பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு."

டம்ளர் வைக்கும் சத்தம், ரொட்டி எண்ணிக்கையில் ஒரு சின்ன வாக்குவாதம், ரெக்கோடரை நிறுத்தும் கிளிக். கணேசமூர்த்தி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு, எதற்கு ஒன்ன ஒண்ணும் சொல்லல என்கிறாள் என்று கேட்டார்.

வாய் திறந்தால் ஒரு நிமிட வேலை. ஜெயந்தினி, முன்னால் அத்தை தோட்டத்தைப் பற்றி ஏதோ கோபமாகப் பேசினார்கள், அதனால்தான் என்றாள். மற்றத் துண்டுகள் திருத்த வேலையில் இருக்கின்றன, அடுத்த வியாழன் வந்தால் தரலாம் என்றும் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்து, நீ நல்லா இருக்கணும் என்றார். அந்தக் கையின் பாரம் ஒரு வாரத்துக்கு இறங்கவில்லை.

வீட்டில் அப்பாவின் படத்துக்கு அம்மா தினமும் பூ வைப்பாள். அந்த வாரம் ஜெயந்தினி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் ஊசி போட்டுக்கொண்டு வந்த அப்பா. தனக்கு இல்லாத படிப்பை மகளுக்கு வாங்கிக் கொடுத்த அப்பா. அவர்தான் கொழுந்து நிறுத்துவிட்டுப் போ என்றவர். இரண்டும் ஒரே ஆள் என்பதை எந்தக் கணக்கைப் போட்டும் அவளால் பிரிக்க முடியவில்லை. சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. இயந்திரத்தின் பிழை, அறிவித்தலும் ஒட்டியாயிற்று, கேட்பவர் கிழவர். அந்த மனத்தை அவள் வெறுத்தாள். ஆனாலும் அது பேசுவதை நிறுத்தவில்லை. ராசம்மா மன்னித்தது மட்டும் டிஸ்க்கில் இருந்தது, எதை மன்னித்தாள் என்பது இல்லை. இப்படியே விட்டால் தோட்டத்துக்கு நூறு வருடம் கழித்தும் அப்படித்தான் கேட்கும்.

வியாழன் மழை. கணேசமூர்த்தி குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்தத் தரம் கொய்யா. பத்திநாதன் சேர் தேவாலயக் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

"மாமா, அத்த பேசுன முதல் துண்டும் ரெண்டாவது துண்டும் இல்ல. நான்தான் அழிச்சேன். வேலைய சுருக்கா முடிக்கப் போய் அழிச்சிட்டேன்."

எப்படி என்று சொன்னாள். சங்கு, ஒரே நீளம், முதல் ஒரு மெகாபைட். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கொய்யாப் பையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்க அப்பாவோடது?"

"அது இருக்கு மாமா. பேரு முன்னுக்கு வர்றதால தப்பிச்சிருச்சு."

அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு அவளால் அர்த்தம் சொல்ல முடியவில்லை.

"அவ என்னா சொன்னான்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா புள்ள?"

இல்லை என்று சொல்ல அதுதான் கடைசி இடம். ஜெயந்தினி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஆயம்மா ஆள் அனுப்பியதை, ராசம்மா கும்பிட்டதை, நிறுவை முடிந்ததை, கொழுந்து ஆசை என்று பொய் சொன்னதை, அதற்கான காரணத்தை. கங்காணி என்று முதலில் சொன்னாள். பிறகு, "எங்கப்பா" என்று திருத்தினாள்.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கணேசமூர்த்தி மடியிலிருந்த கொய்யாப் பையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு பேசியது அவளிடம் பேசியதாக இல்லை.

"முப்பத்தஞ்சு வருசம். குடிச்சாலும் அதத்தான் கேப்பேன், குடிக்காட்டியும் அதத்தான் கேப்பேன். கொழுந்துக்காகப் புள்ளய விட்டியேன்னு. ஒரு நாளாவது வாயத் தொறக்கலியே."

அவளுக்கு அழுகை வந்தது. தன் அழுகைக்கு அங்கே இடமில்லை என்று தோன்றி அடக்கிக்கொண்டாள். கணினிப் பக்கம் திரும்பி அப்பாவின் கோப்பைத் திறந்தாள். அந்த இடம் அவளுக்கு மனப்பாடம். சங்கு, பிறகு அப்பாவின் செருமல், பதினோராம் நிமிடத்தில் அந்த வாக்கியம்.

"எம் மலையில பால் குடுக்குற தாய, புள்ளயப் பாக்கப் போகாதன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல."

அவள் ஒலியை நிறுத்தினாள். கோப்பைத் தெரிவுசெய்தாள். அழிக்கவா என்று கணினி கேட்டது. இவ்வளவு அழித்தவளுக்கு இதை அழிப்பதா பெரிது என்று நினைத்தாள். விரலை விசைக்குக் கொண்டுபோனாள்.

கணேசமூர்த்திக்குத் திரையில் இருந்ததை வாசிக்கத் தெரியாது. ஆனால் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம். அவரு சொன்னது இருக்கட்டும். இப்ப நீ எங்கிட்ட சொன்னியே, அத அதுக்குப் பக்கத்துல வையி."

ஜெயந்தினி ரெக்கோடரை எடுத்து மேசையில் வைத்தாள். சங்கு ஒட்டப்போவதில்லை. இந்தக் கோப்புக்குத் தலையிலிருந்து கால்வரை கைநாட்டு எடுப்பாள், பிறகு ராசம்மா 02 என்று காலியாகக் கிடந்த இடத்தில் வைப்பாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு தரம் தொடங்கி நிறுத்தினாள். மூன்றாம் தரம் குரல் வந்தது.

"நான் ஜெயந்தினி. அழகன் கங்காணியோட மக. இது ராசம்மா அத்த சொன்னது. அத அழிச்சது நான்."

அவள் சொல்லி முடிக்கும்வரை கணேசமூர்த்தி தலை நிமிரவில்லை.